படிக்காமல் வைத்த பக்கம்

அந்தக் கையடக்கக் கணினியை லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாங்கிக் கொடுத்தது அவருடைய ஒரே மகள்.

"மெஷின் ரூம்ல சிக்னலே வராதுப்பா. மோட்டார் சூடு தணியற வரைக்கும் சுவத்தையா பார்த்துட்டு இருப்பே?" என்று கேட்டு, மின்னூல்களோடு தான் இணையத்தில் எழுதிய பக்கங்களையும் அதில் சேமித்துத் தந்தாள். மனுஷர் சோற்றுப் பையைக்கூட மறப்பார், அதை மறக்க மாட்டார்.

மூளைக் காய்ச்சல் மகளைக் கொண்டுபோனது. அடுத்த வருஷமே அவள் எழுதிவந்த தளத்தையும் இழுத்து மூடிவிட்டார்கள், பாவிகள். அவள் எழுத்து மிஞ்சியது இந்தக் கருவியில் மட்டும்தான். வைஃபை கிடைத்தால் பழைய பக்கங்களை அது தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று அவள் சொல்லியிருந்தாள். தளமே இல்லாதபோது புதுப்பித்தால் இருப்பதும் போய்விடுமே என்று இணைப்பை அணைத்தே வைத்திருந்தார்.

அதில் ஒரு பக்கத்தை மட்டும் அவர் இன்னும் படிக்கவில்லை. தலைப்பு, 'அப்பா போடும் டீ'. "கழனித் தண்ணி" என்று வாய்க்கு வாய் கேலி செய்துகொண்டே அந்த டீயைத் தினமும் குடித்தவள் அவள். எழுத்திலும் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாளோ என்று கொஞ்சம் பயம். அதைவிட, இதையும் படித்துவிட்டால் மகள் புதிதாகச் சொல்ல ஒன்றுமே மிச்சமிருக்காதே!

"எடுத்துப் படிங்களேன், எனக்கும் கேக்கணும்போல இருக்கு" என்பாள் மனைவி.

"இருக்கட்டும்டி. எங்க ஓடிப்போகப் போகுது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்தார். தங்கமான மனுஷர், சும்மா இருக்கத்தான் தெரியாது. அத்தான் குளித்துவிட்டு வருவதற்குள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று அந்தக் கருவியில் வைஃபையைப் போட்டுவிட்டார்.

"எல்லாம் அரதப் பழசா கிடந்துச்சு அத்தான். அப்டேட் பண்ணிட்டேன்."

அவருக்கு உயிரே போய்விட்டது. ஈரக் கையோடு பிடுங்கிப் பார்த்தார். மகள் வைத்த தலைப்புகள் அப்படியே இருந்தன. திறந்தால் ஒவ்வொன்றிலும் ஒரே வரி: பக்கம் கிடைக்கவில்லை.

விஷயம் புரிந்ததும் மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேரே அடுக்களைக்குப் போய் மூன்று பேருக்கும் டீ போட்டு எடுத்துவந்தார்.

மனைவி ஒரு வாய் குடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

"நல்லா இருக்கா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படிக் கேட்டதே இல்லை.

"நல்லா இருக்குங்க."

"நீ சொல்லிடுவே" என்றார் அவர், டம்ளரையே பார்த்துக்கொண்டு. "அவ என்ன சொன்னான்னு தெரியாமலே போச்சே."