எழுபத்து மூன்றாம் கேள்வி

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அவளை ‘நடப்பு மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்தப் பதவிக்கு வந்தார், எந்த மாநாடு எங்கே நடந்தது, எவருக்கு எந்த விருது, யார் காலமானார் என்று உலக நடப்பு அத்தனையையும் வடிகட்டி, மாதம் நூறு கேள்விகளாக ஒரு நீல நிறப் புத்தகம் போடுவது அவள் வேலை. பயிற்சி மையத்தின் முதலாளி அதே தேர்வைப் பதினோரு தடவை எழுதித் தோற்றவர். பன்னிரண்டாவது தடவைக்கு வயது தாண்டிப்போனதால் மையம் ஆரம்பித்தார். அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘பதினொன்று’.

கேள்வி எழுதுவதில் சரியான விடை ஒரு பெரிய விஷயமே இல்லை, அது செய்தித்தாளிலேயே கிடக்கும். தப்பான மூன்று விடைகளைத் தேடுவதற்குள்தான் உயிர் போகும். நம்புகிற மாதிரியும் இருக்க வேண்டும், தப்பாகவும் இருக்க வேண்டும். அந்த மாதம் எங்கோ ஒரு நீச்சல் வீராங்கனை இறந்திருந்தார். ‘இம்மாதம் காலமான முன்னாள் நீச்சல் வீராங்கனை யார்?’ என்று எழுதி, அந்தப் பெயரை ‘ஆ’வில் போட்டாள். ‘அ’வுக்கும் ‘ஈ’க்கும் எப்படியோ இரண்டு பெயர் தேற்றினாள். ‘இ’க்கு ஒன்றும் அகப்படவில்லை. சட்டென்று தன் அக்காவின் பெயரை எழுதிவிட்டாள்.

அக்கா பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஜலசந்தியைப் பதினாலு மணி நேரத்தில் நீந்திக் கடந்தவள். ஒரு நாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் இருந்தாள். ஒரு வருடம் ஒரு மதிப்பெண் கேள்வியாக இருந்தாள். பிறகு வேறு யாரோ வேகமாக நீந்திவிட, கேள்வித்தாள்களும் அவளைக் கை கழுவிவிட்டன. இப்போது நகர நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். தப்பான விடையாகவாவது நாலு பேர் அவள் பெயரை வாசிக்கட்டுமே என்றுதான் தங்கைக்காரி நினைத்தாள். பாசம்தான், வேறென்ன?

தப்பு வேறு வழியாக வந்தது. விடைப் பட்டியலில் ஒரே எழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வரக் கூடாது. வந்தால் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். எழுபத்து ஒன்று, இரண்டு, மூன்று என மூன்றுக்குமே ‘ஆ’ வந்திருந்தது. அச்சகத்துக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்த அவசரத்தில், எழுபத்து மூன்றின் விடையை ‘இ’ என்று மாற்றினாள். கேள்வியில் பெயர்களையும் இடம் மாற்றியிருக்க வேண்டும். அது மறந்தே போயிற்று.

புத்தகம் வந்த நாலாம் நாள் யாரோ போன் செய்து, அஞ்சலிக் குறிப்புக்கு அக்காவின் நல்ல புகைப்படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். போனை எடுத்ததே அக்காதான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“செத்தவ போட்ட டீ எப்படிடி இருக்கு?” என்று கோப்பையை நீட்டினாள்.

“சர்க்கரை கம்மி. உசிரோட இருந்தப்பவும் இப்படித்தான் போடுவே” என்றாள் தங்கை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “விளையாட்டுக்குக்கூட அந்தப் பேச்சு வேண்டாம்” என்று இரண்டு பேரையும் முறைத்தாள்.

ஒரு புத்தகம் தப்புச் செய்தால் அது ஒரு புத்தகத்தோடு நிற்காது. நீலப் புத்தகத்தைப் பார்த்து மஞ்சள் புத்தகக்காரர் காப்பியடிப்பார், மஞ்சளைப் பார்த்துப் பச்சைக்காரர். இரண்டே வாரத்தில் மூன்று நிறத்திலும் அக்கா இறந்திருந்தாள். பிள்ளைகள் நடந்துகொண்டே, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அதை மனப்பாடம் செய்தார்கள்.

எல்லா மையங்களும் மாதிரித் தேர்வு நடத்திய ஞாயிற்றுக்கிழமை, நீச்சல் குளத்து வருகைப் பதிவு இயந்திரம் அக்காவின் விரலை ஏற்கவில்லை. விரலைத் துடைத்தாள், ஊதினாள், பத்துத் தடவை வைத்தாள். அடுத்த நாள் ஒரு குழந்தையின் அப்பா அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, “இன்னைக்கு கோச் வரலையா?” என்று காவலாளியிடம் கேட்டார். அக்கா, “சார், நான்தான்” என்றாள். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகு அவர் திடுக்கிட்டு, “அட, இங்கேயே நிக்கிறீங்களா?” என்றார்.

அன்று மாலை நடப்பு மேடம் குளத்துக்குப் போனாள். அக்கா தண்ணீரிலிருந்து ஏறி, சொட்டச் சொட்ட அவளிடம் நடந்து வந்தாள். குழந்தைகள் ஓடிய இடமெல்லாம் சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் இருந்தன. அக்கா வந்த வழி மட்டும் காய்ந்து கிடந்தது.

“பார்த்தியா?” என்றாள் அக்கா. இப்போது அவள் சிரிக்கவில்லை. “எனக்கு பயமா இருக்குடி.”

மறுநாள் காலை தங்கை வகுப்பில் அறுபது பேரையும் நிமிரச் சொல்லி, “எழுபத்து மூணு தப்பு. விடை ‘ஆ’. ‘இ’ என் அக்கா. உயிரோட இருக்காங்க” என்றாள். அதை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக் குளியலறை வாசலில் ஒரே ஒரு ஈரக் காலடி விழுந்தது. வலது கால். அக்காவும் தங்கையும் அது காயும்வரை உட்கார்ந்து பார்த்தார்கள்.

அடுத்த மாதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பிழைத்திருத்தம் போட்டாள். பதினொன்று வேண்டா வெறுப்பாகத்தான் சம்மதித்தார். ஆனால் பிழைத்திருத்தத்தை எவன் படிக்கிறான்? படித்தவர்களும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். முதல் பெஞ்சில் உட்காரும் கண்ணாடிக்காரப் பெண் பவ்யமாகவே எழுந்து சொன்னாள்: “மேடம், உங்க அக்கா உயிரோட இருக்காங்க, சரி. ஆனா மஞ்சள்லயும் பச்சைலயும் ‘இ’ன்னுதான் இருக்கு. பரிட்சைல வந்தா நாங்க ‘இ’தான் போடுவோம். உண்மை வேற, ஆன்சர் கீ வேற.”

பரீட்சையில் வந்தது. ஒன்பது லட்சம் பேர் எழுதிய தேர்வு. கேள்வி எடுத்தவர் எந்த நிறப் புத்தகத்தை வைத்திருந்தாரோ, வரிசை எண்கூட மாறவில்லை. எழுபத்து மூன்று. தேர்வாணையம் வெளியிட்ட தற்காலிக விடைப் பட்டியலில் ‘இ’ என்று இருந்தது.

அன்று முதல் அக்கா பேசுவது பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. கதவைத் தட்டினால் சத்தம் வரவில்லை. அம்மா சோறு போடும்போது அவள் தட்டைத் தாண்டிப் போய்விட்டு, “ஐயோ, மறந்துட்டேன்டி கண்ணு” என்று திரும்பி வந்தாள். மூன்றாம் வேளை திரும்பி வரவில்லை. அக்கா தானே எழுந்து போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

விடையை ஆட்சேபிக்க மூன்று நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, ‘விடையை மாற்றுக’. இன்னொன்று, ‘கேள்வியை நீக்குக’. மாற்றச் சொன்னால் அத்தாட்சி வேண்டும். அக்கா உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் வாங்க, தங்கை அவளைக் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, “எல்லாம் சரியா இருக்கு. சம்பந்தப்பட்டவங்கள நேர்ல கூட்டிட்டு வாங்க” என்றார்.

“இதோ உக்காந்திருக்காங்களே, சார்.”

எழுத்தர் காலி நாற்காலியைப் பார்ப்பவர்போல அக்காவைப் பார்த்தார். பிறகு அந்த நாற்காலியில், அக்காவின் மடியில், தன் கோப்புக் கட்டைத் தூக்கி வைத்தார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் கணினி முன்னால் நடப்பு மேடம் தலையைப் பிய்த்துக்கொண்டாள். அத்தாட்சி இல்லை. பதினொன்று தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

“எதுக்கு மாத்தச் சொல்லிப் போராடறே? மாத்தினா எட்டு லட்சம் பேர் மார்க் போச்சுன்னு கோர்ட்டுக்குப் போவான், ஆணையம் ஒத்துக்காது. நீக்கச் சொல்லு. ஆளுக்கொரு மார்க் குடுத்துட்டு உடனே நீக்கிடுவாங்க. உனக்குத் தெரியாததா?”

தெரியாதா என்ன? பத்து வருடமாக வகுப்பில் அவள் சொல்லிக்கொடுக்கும் உத்தி அது. மாற்றச் சொன்னால் இழுபறி, நீக்கச் சொன்னால் வெற்றி. ‘நீக்கின கேள்விய மூளைல இருந்தும் நீக்கிடுங்க, இடத்த அடைக்கும்’ என்பதும் அவள் வாக்குத்தான். எப்படியாவது அந்த ‘இ’ ஒழிந்தால் போதும் என்று இருந்தது. கை பழக்கப்பட்ட கட்டத்துக்குப் போய் ‘நீக்குக’வைத் தொட்டது.

பத்தாம் நாள் காலை பத்தரைக்கு இறுதிப் பட்டியல் வந்தது. ‘73 – நீக்கம். அனைவருக்கும் ஒரு மதிப்பெண்.’ வகுப்பே எழுந்து ஆட்டம் போட்டது. பதினொன்று அவளுக்குக் கைகொடுத்தார். அவள் செருப்பைச் சரியாக மாட்டாமல்கூட வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா எங்கேம்மா?”

“எந்த அக்கா?”

“அம்மா, விளையாடாதே. அக்கா எங்கே?”

“எனக்கு நீ ஒருத்திதானே? என்னடி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் அம்மா. பிறகு மேடையைப் பார்த்துக் குழம்பினாள். “பாரேன், நீயும் நானும்தான் இருக்கோம். எதுக்கு மூணு கோப்பை எடுத்து வச்சேன்?”

கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய பழைய பத்திரிகையின் முதல் பக்கம் அப்படியே இருந்தது. அதில் அக்காவின் படம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு பாலத் திறப்புவிழாச் செய்தி இருந்தது. பையிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். எழுபத்து இரண்டுக்குப் பிறகு எழுபத்து நான்கு. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அம்மா ஒன்றும் புரியாமல் கூடவே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை வகுப்பில் யாரையும் பார்க்காமல் நேரே கரும்பலகைக்குப் போனாள். லட்சம் பேர் படித்துத்தானே அக்காவை இல்லாமல் ஆக்கினார்கள்? அறுபது பேர் படித்து ஒரு காலடியை மீட்டார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். “ஒரு பேர் எழுதறேன், எல்லாரும் மனப்பாடம் பண்ணுங்க” என்று சுண்ணக்கட்டியை எடுத்து முதல் எழுத்தை எழுதினாள்.

கை அதற்கு மேல் போகவில்லை. அடுத்த எழுத்து நாக்கு நுனியில் நின்றது, வரவில்லை. நேற்றுவரை தினமும் கூப்பிட்ட ஆளின் பெயர். ஆனால் அவள் எப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்? அக்கா என்றுதானே கூப்பிடுவாள்.

பின்னால் அறுபது பேனாக்கள் காத்திருந்தன.

“எந்தக் கேள்விக்கு மேடம் இது?” என்றாள் கண்ணாடிக்காரப் பெண்.

“எழுபத்து மூணு.”

“அது நீக்கியாச்சே மேடம். நீக்கினத மூளைல வச்சுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?”

மற்றவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். அன்றைய பாடத்தை அவள் கரும்பலகையின் மற்ற இடங்களில் எழுதி முடித்தாள். அந்த ஒற்றை எழுத்தை அழிக்கவில்லை, யாரையும் அழிக்க விடவும் இல்லை.