சீட்டில்லாத கேஸ்

சர்ஜன் தேசிகனும் எலும்பு டாக்டர் சீனிவாசராகவனும் பேச்சை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த ஆபரேஷன் விளக்கை யாருடைய தியேட்டரில் மாட்டுவது என்று வந்த தகராறு. அதற்கப்புறம் எல்லாம் சீட்டுதான். "வயிற்றைப் பார்க்கவும்" என்று ஒரு சீட்டு போகும். "பார்த்தாயிற்று, முதலில் காலைப் பார்க்கவும்" என்று ஒரு சீட்டு திரும்பி வரும். நன்றாகப் படித்த மனுஷர்கள், இரண்டு பேரும்.

அவர்கள் சொல்கிறபடி அந்தச் சீட்டுகளை எழுதி ஆள் அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை நோயாளி பக்கத்தில் நிற்பது காஷுவாலிட்டி சிஸ்டர் ஜகதாம்பாளின் தலையெழுத்து. போன மாதம் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவர் மூன்றாவது சீட்டுக்குப் பதில் வருவதற்குள் கண்ணை மூடிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு ஓசூர் ரோட்டில் லாரி அடித்துத் தூக்கிப்போட்ட கோவிந்தனைக் கொண்டுவந்தார்கள். அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறவன். வலது தொடை எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. இடது பக்கம் விலா நொறுங்கியிருந்தது. அவன் மனைவி சரசு அந்தக் காலைப் பார்த்துத்தான் அழுதாள். எல்லார் கண்ணும் காலில்தான் இருந்தது.

ஜகதாம்பாள் நாடியைப் பிடித்தாள். நூற்றிருபது. காயத்தில் துணி திணித்துக் கட்டி கால் ரத்தத்தை நிறுத்தியும், ஐந்து நிமிஷத்தில் நூற்று முப்பத்தாறு. ரத்தம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டாள், பலகை மாதிரி இருந்தது.

போனை எடுத்தாள். இரண்டு டாக்டருக்கும் ஒரே பொய்யைச் சொன்னாள். "சீட்டுப் புத்தகம் தீர்ந்துபோச்சு டாக்டர். நீங்களே தியேட்டருக்கு வரணும்." புத்தகம் அவள் ஏப்ரன் பையில் பத்திரமாக இருந்தது.

இருவரும் வந்தார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். தலைமாட்டில் மயக்க டாக்டர் ரமா, கோவிந்தனுக்குக் குழாய் போட்டுக் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், உடனே வயித்தைத் திறக்கணும்னு டாக்டர்கிட்ட சொல்லுங்கோ" என்றார் தேசிகன்.

"எலும்பு ரத்தக்குழாயை நெரிக்கறது, காலை இப்படியே விட்டா பாதம் செத்துப்போயிடும்னு நீங்க சொல்லுங்கோ சிஸ்டர். காயம் இடுப்போரம் வரைக்கும் இருக்கு, காலை இழுத்துக் கட்டற ஸ்பிளின்ட் வளையம் வைக்க இடமில்லை" என்றார் சீனிவாசராகவன்.

இருவருக்கும் நடுவில் இருந்தது ஒன்றரை கஜ தூரம். ஜகதாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் சொல்ல மாட்டேன். எனக்கு ரத்தம் ஏத்தற வேலை இருக்கு" என்று பாட்டிலை மாற்றப் போய்விட்டாள். இவனும் போய்விட்டால் இந்த யூனிபாரத்தை இனி எந்த முகத்தோடு போட்டுக்கொள்வது என்று நினைத்தாள்.

"பிரஷர் அறுபது சார். இப்பவே ஆரம்பிக்கணும்" என்றாள் ரமா.

பிறகு சீனிவாசராகவன் கையுறையை மாட்டிக்கொண்டு மேஜையின் கால்மாட்டுக்குப் போனார். குதிகாலை இரண்டு கையாலும் பிடித்து, நேராக இழுத்தபடி நின்றார்.

"சிஸ்டர், பாதத்தைத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டாள். நாடி வந்திருந்தது.

"தேசிகன், நீங்க வயித்தைத் திறங்கோ" என்றார் அவர், நேராக முகத்தைப் பார்த்து. "நான் பிடிச்சுக்கறேன்."

"எத்தனை நேரம் பிடிப்பேள்?"

"நீங்க முடிக்கறவரைக்கும்."

ஐம்பது நிமிஷம் பிடித்தார். வார்டு ஆள் செய்கிற வேலையை எலும்புத் துறைத் தலைவரே செய்தார். தேசிகன் கிழிந்த மண்ணீரலை எடுத்துப் போட்டு ரத்தக்குழாயைக் கட்டினார். வெளியே ஒர்க்‌ஷாப் ஆட்கள் பதினோரு பேர் கிரீஸ் கையோடு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு பாட்டிலாக ஜகதாம்பாள் ஏற்றினாள். ரமா எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எழுபது. எண்பத்தைந்து. நூறு. நூறு என்றதும் ஜகதாம்பாள் வெட்கப்படாமல் அழுதாள்.

தேசிகன் வயிற்றைத் தைத்துவிட்டுப் போய்விடவில்லை. கால்மாட்டுக்கு வந்து, "கொடுங்கோ, உங்க கை ஆடறது" என்று குதிகாலை வாங்கிக்கொண்டார். சீனிவாசராகவன் காயத்தைக் கழுவி எலும்பைச் சேர்த்தார்.

நான்காம் நாள் காலை கோவிந்தன் கண்ணைத் திறந்து சரசுவிடம் தண்ணீர் கேட்டான். கட்டில் அருகே இரண்டு டாக்டர்களும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி வாதாடிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கே உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டும் என்றார் ஒருவர். உட்கார வைத்தால் என் எலும்பு என்னாவது என்றார் மற்றவர்.

சரசு பயந்துபோய் ஜகதாம்பாளின் கையைப் பிடித்தாள். "சிஸ்டரம்மா, எங்க வூட்டுக்காரருக்கு எதுனா ஆயிடுச்சா? இன்னாத்துக்கு இப்படி சண்ட போட்டுக்கிறாங்க?"

"நன்னா போட்டுக்கட்டும்மா" என்றாள் ஜகதாம்பாள். "இவா பேசிக்காம இருந்தாத்தான் நீ பயப்படணும்."