பாதிப் பாய்ச்சல்

லிஃப்ட் மெக்கானிக்கான தங்கை தன் அண்ணன் வீட்டு மேசைக்கு மேலே அந்தரத்தில் நின்றது மொத்தம் முப்பத்தேழு நாள். காலுக்கும் மேசைக்கும் நடுவே மூன்று சாண் இடைவெளி. பல் டாக்டர் அளந்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் கூடி ஆடும் விளையாட்டு அது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அண்ணன் கதை சொல்வார், பூதங்களையும் அவரே ஆடுவார். தங்கையும் டாக்டரும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டுவார்கள். ஒருவர் முறைக்குக் கதைக்குள் ஆறு வினாடிதான் என்று விளையாட்டுப் புத்தகத்தில் விதி. அன்று தங்கைக்குத் திருடி வேடம். முன்னூறு அடி ஆழப் பள்ளத்தை ஓடி வந்து தாண்டினாள். பாதியில் முறை தீர்ந்துபோனது. அப்புறம் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் புத்தகம் மூச்சே விடவில்லை. "காலுக்குக் கீழ தரை இல்லன்னா விழணும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "முறைங்கிறது நாம எண்ணிக்க வெச்சது டாக்டர். பாயுற ஆளுக்கு அது தெரியுமா?" என்றார் அண்ணன். அந்த நொடியில் தங்கை நாற்காலியை விட்டுக் கிளம்பி மேலே போய் நின்றாள், கையில் டீ கிளாஸோடு.

விதி முடிவானால் இறங்கிவிடுவாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் விழுந்தால் விழுவது மூன்று சாணா, முன்னூறு அடியா? விழமாட்டாள் என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிடலாம்தான். மூவரும் மனதார ஒப்பாத விதி அந்த மேசையில் செல்லாது, டாக்டரோ பொய்க்குத் தலையாட்டும் ஆள் இல்லை. அண்ணன் தெருவெல்லாம் கேட்டு இருபத்து மூன்று மெத்தை வாங்கி மேசையைச் சுற்றிப் போட்டார்.

மெத்தை கொடுத்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் கட்சி பிரிந்தார்கள். இரண்டாம் வாரம் மாடிப்படியில் நிற்க இடமில்லை. மொட்டை மாடியிலிருந்து மண் மூட்டைகளைத் தள்ளி அவை விழும் நேரம் குறித்தார்கள். காலம் என்பதே ஒரு முறைதான் என்று கணக்கு டீச்சர் சுவரில் எழுதி நிரூபித்தபோது கைதட்டல் இரண்டு தெரு தாண்டிக் கேட்டது. தங்கை மேலிருந்தபடியே போனில் வழி சொல்லி ஒன்பது லிஃப்டுகளைச் சரிசெய்தாள். அண்ணனுக்கு வாழ்நாளில் இத்தனை உற்சாகம் வந்ததில்லை. அதை நினைத்து அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

முப்பத்தேழாம் நாள் காலை, கூச்சல் உச்சத்தில் இருந்தபோது, தங்கை டீ கிளாஸைச் சுவரில் வீசியடித்தாள்.

"விழுவேன் விழுவேன்னு சொல்றீங்களே டாக்டர், கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. விழுந்தேனா?"

டாக்டர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "விழல" என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப பாதியில முறை முடிஞ்சா, அடுத்த முறை வர்ற வரைக்கும் நிக்கணும். அதுதான் விதி. எனக்கு அடுத்து நீங்க, அப்புறம் அண்ணன். ரெண்டு பேரும் ஆடாம வாயாடிக்கிட்டே இருந்தா என் முறை எப்ப வரும்?"

அத்தனை பேர் வந்து போன வீட்டில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. டாக்டர் உட்கார்ந்து, தன் வீரன் சும்மா நிற்பதாகச் சொல்லி முறையை முடித்தார். அண்ணன் பகடையை எடுத்தார்.

"விழுந்துட்டீன்னா?"

"விழுந்தா விழறேன். நீ ஆடுண்ணா."

கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார். பூதம் ஓர் அடி பின்வாங்கியது. "உன் முறைம்மா" என்றார்.

தங்கை திறந்திருந்த பால்கனி வழியாகப் பாய்ந்தாள். மூன்று மாடிக்குக் கீழே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தெருவின் முழு அகலத்தையும் தாண்டினாள். அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார், சிரித்தார். எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி ஒரு போர்வையை ஒதுக்கி, அவள் இறங்க இடம் விட்டார்.

"பாத்து வாங்க, தரை ஈரமா இருக்கு" என்றார்.