ஏழு தட்டும் ஒரே படத்தில்

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை ஃபிளாட்டில், பெரியவளாகிவிட்ட என் தோழி அனுஷியாவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. ஸ்டூடியோக்காரரைப் பிடிப்போம் என்று அனுஷியாவின் மாமியார் சொல்ல, அடம்பிடித்துப் படமெடுக்கும் வேலையை வாங்கியவள் நான். தட்டேந்தும் ஏழு பெண்களும் ஒரே படத்தில் வரவேண்டும். ஒருத்தி விடுபட்டாலும் வருடக்கணக்கில் கதைக்கமாட்டாள். அந்த ஹோலிலோ பின்சுவரோடு ஒட்டி நின்றாலும் பத்தடிதான். அதை நூலால் அளந்து எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ரிப்கானின் கெமரா கடைக்குப் போனேன்.

“இருபத்திநாலு–எழுபது லென்ஸை எடுங்க அன்ட்டி. பெரிய ஆக்கள் எல்லாம் அதுதான் பாவிக்கிற.”

“அவையின்ட கெமரா பெரிசு தம்பி. என்ட கெமராட சென்ஸர் சின்னன், ஓரமெல்லாம் வெட்டுப்படும். அந்தப் பழைய பதினேழு–ஐம்பதைக் காட்டுங்கோ, அதில கூட அகலமா விழும்.”

“அது பாதி விலை. படிக்கிற புள்ளைகள் வாங்குற சாமான்.”

“எனக்கும் அந்த விலைதான் சரி. வாசலுக்கு வாங்கோ, ரெண்டையும் பாப்பம்.”

ரிப்கானையும் கடைக்கு வந்திருந்த மூவரையும் பக்கத்துத் தையல்கடைப் பெண்கள் மூவரையும் வரிசையாக நிறுத்தி, நூலின் நீளத்துக்குத் தள்ளி நின்று எடுத்தேன். விலைகூடிய லென்ஸில் ஐந்து பேர்தான் வந்தார்கள்.

“தம்பி, நீங்க படத்திலயே இல்ல.”

மற்றதை மாட்டினேன். ஏழு பேரும் வந்தார்கள். ரிப்கான் கெமராத் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“என்ட வயிறும் முழுசா வந்தீக்கி அன்ட்டி.”

ஞாயிறன்று, பாதி விலைக்கு வாங்கிய அந்த லென்ஸோடு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தேன். மாமியார் கெமராவை வாங்கி, விரல்வைத்து இரண்டுமுறை எண்ணினார்.

“ஓம், ஏழு பேரும் நிக்கினம். மாசியில என்ட தங்கச்சி மகளின்ட கலியாணம். அதுக்கும் நீரே எடும்.”