ஈரக் கை

"நெருப்புன்னா உங்களுக்குப் பயம் இல்லையாக்கா?"

வேலைக்கு ஆள் எடுக்கும் பெண் அப்படிக் கேட்டபோது முகர்ரம் வலது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிக் காட்டினாள். கையில் ஒரு மயிர் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தந்தூர் அடுப்புக்குள் ரொட்டி அறைந்த கை.

"ரொட்டி சுட்டதை அனுபவம்னு எழுதலாமாண்ணே?" அந்தப் பெண், மேஸ்திரி தோலிபைக் கேட்டாள்.

"எழுதும்மா. டிப்ளமா வாங்கின பசங்க உலைகிட்ட அரை மணி நேரம் நிக்க மாட்டேங்கறானுங்க."

அலுமினியச் சட்டி வார்க்கும் அந்தத் தொழிற்சாலைக்குச் சாலை போடத்தான் தெருவோரத் தந்தூர்களை இடித்திருந்தார்கள். முகர்ரமுடையது போயிற்று, பக்கத்து வீட்டு ஹோசியத்துடையதும் போயிற்று. இருவரின் புருஷன்களும் ரஷ்யாவில் கூலி வேலையில். எப்போதாவது பணம் வரும். தந்தூர் போன வீட்டுக்கு ஒரு வேலை நிச்சயம் என்று குடியிருப்பின் மஹல்லா தலைவர் சொல்லியிருந்தார்.

சோதனைக்கு வரச் சொன்ன காலையில் இருவரும் தடித்த கேன்வாஸ் சட்டை மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். முதலில் முகர்ரம், அடுத்து ஹோசியத்.

"அக்கா, தப்பாயிட்டா திட்டுவாங்களா?"

"மாவு பிசையற மாதிரி பிசைவாங்க. பேசாம நில்லுடி."

உருகிய உலோகத்தின்மேல் மிதக்கும் கசடை வழித்தெடுக்க வேண்டும். தோலிப் நீண்ட இரும்புக் கரண்டியை நீட்டினார்.

"மறுபடியும் சொல்றேன். தண்ணி ஒரு சொட்டு ஆகாது. உள்ள போனா வெடிக்கும்."

"சரிண்ணே."

முகத்தை ஒருபக்கம் திருப்பி, மூச்சை அடக்கி, அவள் கசடை வழித்தாள். தோலிப் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாம் முறை வெக்கை சட்டைக் கைக்குள் ஏறியது. அருகே மேசைமேல் யாரோ விட்டுப்போன, ஆறிய தேநீர்க் கெண்டி இருந்தது. இடது கை அதைத் தூக்கி வலது கையின்மேல் சரித்தது. தந்தூருக்குள் குனியுமுன் ஒவ்வொரு தடவையும் சட்டைக் கையை நனைப்பதுபோல. ஈரம் கரண்டியின் காம்பு வழியே ஓடி நுனிக்குப் போனது. அவள் கரண்டியை உலைக்குள் விட்டாள்.

படீரென்றது. தோலிப் தள்ளியதில் தரையில் விழுந்தாள். வெள்ளித் துளிகள் கூரைத் தகரத்தில் தெறித்து ஒட்டின. தோலிபின் தோளில் துணி புகைந்தது.

"சொன்னேனேம்மா! காதுல விழலையா?"

"காதுல விழுந்துச்சுண்ணே. கைக்குத்தான் கேக்கல."

யாரோ சிரித்தார்கள். தோலிப் தன் தோளில் புகைந்ததைத் தட்டி அணைத்துவிட்டு, அவளைத் தூக்கி நிறுத்தி முகத்தில் எங்காவது பட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

மேலாளர் இரும்புப் படியில் பாதி இறங்கி நின்றார். "யாரது? முன்னாடி என்ன வேலை?"

"ரொட்டி சுட்டவங்கய்யா."

"அங்க நிக்கிறது?"

"அதுவும் அப்படித்தான். ஆனா அது இன்னும் கரண்டியையே தொடலைங்கய்யா."

"தொடவே வேணாம். தந்தூர் ஆளுங்க யாரும் வேணாம்."

"அனுபவம் இருக்கேன்னுதான்..."

"அதான் சொல்றேன். அனுபவம் இல்லாத ஆளாப் பாருங்க."

"தப்பு என்னோடதுய்யா!" முகர்ரம் படியருகே ஓடினாள். "இவ என்னை மாதிரி அவசரக்காரி இல்ல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை விட்டுப் பாருங்கய்யா!"

மேலே கதவு சாத்திக்கொண்டது.

ஹோசியத் கையுறைகளைக் கழற்றினாள். அவற்றில் ஒரு மடிப்புகூட விழுந்திருக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அவற்றைப் பெஞ்சில் வைத்தாள். சட்டையை மடித்து அதன்மேல் வைத்தாள்.

"ஹோசியத்... ஏய், இங்க பாருடி."

முகர்ரம் நீட்டிய கையில் படாமல் ஒதுங்கி, அச்சுகள் அடுக்கிய வரிசைகளின் நடுவே வெளியே நடந்தாள் ஹோசியத்.