கீழ்க்குழாய்த் தண்ணீர்

ஜெயமலர் நீட்டிய தேநீர் மீதும் யாதவிக்குச் சந்தேகம் வந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பவளுக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு? ஒப்புக்கு இரண்டு மிடறு குடித்துவிட்டு, ஜெயமலரின் கணவர் குகநாதனோடு வெளியே பனிக்குள் இறங்கினாள்.

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் அவர் பராமரிக்கும் ஹோட்டலில், நிலத்தடியில் இருந்த எண்ணெய்த் தொட்டி மூன்று வருடங்களுக்கு முன்பு கசிந்தது. தொட்டிக்கு மேட்டுப்பக்கம் மேல்குழாய், பள்ளப்பக்கம் கீழ்க்குழாய் என இரண்டு சோதனைக் குழாய்கள் இறக்கினார்கள். மாதாமாதம் இரண்டிலும் தண்ணீர் எடுத்து அனுப்புவது குகநாதனின் வேலை. ஆறு மாதமாக இரண்டு போத்தல்களும் ஒரே சுத்தமான முடிவைக் காட்டின. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்து, மண்ணின் இரும்பையும் கரைத்துவிடும். இந்தக் குளிரில் அவை ஆமை வேகத்தில்தான் வேலை செய்யும். அதற்குள் எல்லாம் சுத்தமாகிவிட்டதாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

“கீழ்க்குழாய் உறைஞ்சு போச்சு, பிள்ளை. மேல்குழாயிலை எடுங்கோவன்.”

“அவ்வளவு ஆழத்திலை தண்ணி உறையாது அண்ணை. பூட்டைத் திறவுங்கோ.”

பூட்டு துருவேறி இறுகியிருந்தது. சுத்தியலுக்குத்தான் அசைந்தது. ஏறிவந்த தண்ணீர் தெளிவாக இருந்ததும் குகநாதனுக்கு உயிர் வந்தது.

“பாருங்கோ, கண்ணாடி மாதிரி!”

யாதவி சோதனைக்கு மூன்று போத்தல்களை மூடிக்கொண்டு, நான்காவதைத் திறந்தபடியே சமையலறை மேசையில் வைத்தாள். அரை மணி நேரத்தில் அது கலங்கிச் செம்மஞ்சளானது.

“கரைஞ்ச இரும்பு காத்துப் பட்டுத் துருவாகுது. எண்ணெய் இன்னும் அங்கைதான் கிடக்கு. ரெண்டு போத்தலையும் மேலைதானோ நிரப்பினீங்கள்?”

குகநாதன் தலை கவிழ்ந்தார். “ஓம். எண்ணெய் இருக்கெண்டு ஹோட்டலைப் பூட்டினால் என்ர வேலை வெர்ட்ராக்கைப் புதுப்பிக்கமாட்டன் எண்டு முதலாளி சொன்னவர். வேலை போனால் எங்கை போறது? தண்ணியும் தெளிவாத்தானே இருந்தது.”

ஒன்றும் விளங்காத ஜெயமலர் மறுபடி தேநீர் ஊற்றினாள். “குடியுங்கோ பிள்ளை. பைப் தண்ணியிலை ருசி வராது. இவர் பள்ளத்து ஊற்றிலை அள்ளிக்கொண்டு வாறவர்.”

யாதவியின் கை கோப்பைக்குப் போகவில்லை. அந்த ஊற்று கீழ்க்குழாய்க்கும் கீழே, எண்ணெய் இறங்கும் வழியில் இருந்தது. அவள் வாய் திறக்குமுன் குகநாதன் எழுந்து, கேத்திலைத் தூக்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார்.

“எழுதுங்கோ பிள்ளை, நான் செய்தது முழுக்க எழுதுங்கோ. வேலைக்குப் பயந்து ஊருக்கு ஒளிச்சன். ஒளிச்சதை என்ர மனுசிக்கே குடிக்கக் குடுத்திருக்கிறன். இந்தப் பிழையை இனி ஒருத்தரும் செய்யக்கூடாது.”