ஏழு மூட்டுக்குத் தனிக்கணக்கு

"ஏழு மூட்டுக் கைக்குன்னு எழுதின புரோகிராம் கோடை யாருமே பயன்படுத்தறதில்லக்கா. எடுத்துடலாமா?"

திரையில் கேட்டவனுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். யார் எழுதிய கோடாக இருந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெட்டுவான். யாரும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்ட ஒரு கணக்கு லைப்ரரியை அவனும், அவன் அக்கா என்று கூப்பிடும் அவளும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இயந்திரக் கை ஓர் இடத்தைத் தொட எந்த மூட்டு எவ்வளவு மடங்க வேண்டும் என்பது போன்றவற்றுக்கு நல்ல விடையாகத் தேடித் தரும் லைப்ரரி.

எல்லாக் கைக்கும் பொருந்தும் பொதுக் கோடு, எத்தனை மூட்டு, எத்தனை மூட்டு என்று அடிக்கொருதரம் கேட்டுக்கொண்டே நடக்கும் ஆசாமி. ஏழுதான் என்று முன்கூட்டியே சொல்லித் தனியாக எழுதிவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஓடும். ஆனால் இப்படித் தனித்தனியாகச் சேர்த்ததில் லைப்ரரி ஊதிப் பெருத்துவிட்டது. ஆளில்லாத கோடு இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளும் அக்காதான்.

ஏழுக்கு ஓர் ஆள் இருந்தான். அவளுடைய கூடப்பிறந்த தம்பி, கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவன். சக்கர நாற்காலியில் பொருத்திய ஏழு மூட்டுக் கைதான் அவனுக்கு ஊட்டியது. ஆரம்பத்தில் கரண்டி பாதி வழியில் நின்று யோசிக்கும்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சும்மாவா சொன்னாங்க?" என்பான் தம்பி.

அந்தக் கிண்டல் பொறுக்காமல்தான் ஏழுக்கென்று தனியாக எழுதினாள். முதல் நாளே சூப் கொதிக்கக் கொதிக்க வாய்க்குப் போய் நாக்கைச் சுட்டுவிட்டது. "வேகத்துக்கு எழுதிட்டே. ஊதறதுக்கு யாரு எழுதுவா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

அவன் போய்விட்டான். கையும் மருத்துவமனைக்கே திரும்பிவிட்டது.

கத்தரிக்கு இது தெரியாது. சொன்னால் வெட்டமாட்டான். ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா என்று நினைத்து அவள் சொல்லவில்லை.

"எடுத்துடு."

"அது சரியா ஓடுதான்னு பார்க்கிற சோதனையையும் தூக்கிடவாக்கா?"

"அது இருக்கட்டும். பொதுக் கோடுல ஓடட்டும்."

சோதனையில் கை தொட வேண்டிய இடம், தம்பி சாய்ந்து உட்கார்ந்தால் அவன் வாய் இருக்கும் இடம். அவளே டேப் பிடித்து அளந்தது. சரியாகத் தொட்டால் என்ன செய்தி வர வேண்டும் என்று சொன்னவன் அவன்.

கத்தரி வெட்டி முடித்தான். அக்கா சோதனையை ஓட்டினாள். பொதுக் கோடு கேட்டுக் கேட்டு நடந்தது. கண் இமைக்கும் நேரம்தான், அவளுக்கு நெடுநேரமாக இருந்தது. பிறகு திரையில் பச்சை எழுத்தில் வந்தது:

வாய்க்கு எட்டிடுச்சுக்கா.